செல்போன் கோபுரத்தில் பந்தி வஞ்சனை கூடாது!

ஜன்மாஷ்டமி இரவு. மந்திர் மார்க்கில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பிர்லா மந்திர் என்று தலைநகர் அழைக்கும் லட்சுமி நாராயணர் கோயிலின் முன்னே நீண்ட வரிசை. கூட்டத்தில் ஓர் இளைஞர் செல்போனில் சினிமாக் காட்சி பார்த்தபடி நிற்கிறார். பத்தடி தள்ளி ஒரு தாய், நெரிசலில் கைவிட்டுப்போன குழந்தையின் படத்தை உறவினர்களுக்கு அனுப்பப் பதறுகிறார். படமோ போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இப்படி ஒரு நிலை வரக்கூடும் என்பதைத் திருவிழாக் கூட்டத்தில் நின்ற எவரும் ஒப்புக்கொள்வர். இருவருக்கும் சேவை தருவது ஒரே கோபுரம்தான். யாருக்கு முதலில் வழிவிடுவது என்று தீர்மானிப்பது யார்?

டிரங்க் கால் காலத்தில் இதற்கு விடை எளிது. ஊருக்குப் பேச வேண்டுமானால் ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று கட்டணத்துக்கேற்ப முறை வரும். இணைப்புத் தருவது எக்ஸ்சேஞ்சில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதர். இன்று அந்த வேலையைச் செய்வது கோபுரத்துடன் இணைந்த கணிப்பொறி. ஷெட்யூலர் என்பது அதற்குப் பெயர். நம் கல்யாண வீட்டு வழக்கில் சொன்னால், பந்தி விசாரணை!

விநாடிக்கு இரண்டாயிரம் பந்தி

வானொலி அலைவரிசை, நினைத்தபடி பெருக்கிக்கொள்ளக் கூடிய பொருளன்று. அரசிடம் ஏலத்தில் எடுத்த அளவுக்குள்தான் நிறுவனங்கள் பரிமாற வேண்டும். தில்லியில் 2022 அக்டோபர் 1-ல் பிரதமர் தொடங்கிவைத்த ஐந்தாம் தலைமுறைச் சேவையை எடுத்துக்கொள்வோம். அதில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை 273 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. நேரமும் அரை மில்லி விநாடிக் கூறுகளாக வெட்டப்படுகிறது. எந்தத் துண்டு யாருக்கு என்று விநாடிக்கு 2000 தடவை முடிவு செய்தாக வேண்டும். படத்தை அனுப்புவதானாலும் பெறுவதானாலும் கோபுரம் முறை தந்தால்தான் நடக்கும்.

சிக்கல் இத்துடன் நிற்கவில்லை. சாலையில் நிற்பவருக்குக் கோபுரத்தின் அலை தெளிவாகக் கிட்டும். தடித்த சுவர் கொண்ட கட்டடத்தின் உள்ளறையில் இருப்பவருக்கு மங்கலாகவே கிட்டும். எவ்வளவு தெளிவு என்பதை ஒவ்வொரு கைப்பேசியும் 0 முதல் 15 வரையுள்ள எண்ணாகக் கோபுரத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது.

தெளிவாகக் கேட்பவருக்கே எல்லாவற்றையும் தந்தால் மொத்தச் செய்தி அளவு உயரும். உள்ளறையில் இருப்பவர் பட்டினி கிடப்பார். எல்லோருக்கும் வரிசைப்படி தந்தாலோ அலைவரிசை வீணாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. இங்கிலாந்துக் கணித அறிஞர் பிராங்க் கெல்லி 1997-ல் விளக்கிய விகித நீதி அது. அதை மொபைல் தொடர்புக்குக் கொண்டுவந்தவர் டேவிட் ட்ஸே.

கணக்கு இதுதான். இப்போது கிடைக்கக் கூடியதை, இதுவரை சராசரியாகக் கிடைத்ததால் வகுக்க வேண்டும். சாலையில் நிற்பவருக்கு இப்போது 100 பங்கு கிடைக்கும், இதுவரை கிடைத்த சராசரி 50, ஈவு 2. உள்ளறைக்காரருக்கு இப்போது 10 பங்குதான் கிடைக்கும்; ஆனால் இதுவரை கிடைத்த சராசரி 2; ஈவு 5. ஆகவே இந்த முறை உள்ளறைக்காரருக்கே! பசித்தவன் இலையைப் பார்த்துப் பரிமாறும் இந்த விதி, பல ஆண்டுகளாக உலகெங்கும் உழைத்து வருகிறது.

பொள்ளாச்சிக்காரர் போட்ட புது இலை

ஆனால் பந்தியின் அமைப்பே இப்போது மாறிவிட்டது. மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். பொள்ளாச்சியில் 1944-ல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படை அதிகாரி. தில்லி ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 'மைமோ' முறைக்கு வித்திட்ட காப்புரிமையை 1994-ல் பெற்றார். பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்பும் முறை இது. 2010-ல் பத்ம பூஷண் விருதும் 2014-ல் மார்க்கோனி பரிசும் அவரைத் தேடி வந்தன.

ஒரே இலையில் நால்வருக்குப் பரிமாறலாம் என்று ஆனதும், எந்த நால்வரைச் சேர்த்து உட்கார வைப்பது என்ற கேள்வி பிறந்தது. ஒருவர் அலை மற்றவர் அலையில் மோதக் கூடாதே! இருபது பேரில் நால்வரைத் தேர்ந்தெடுக்க 4845 வழிகள் உண்டு. அதுவும் 273 துண்டுகளுக்கும், அரை மில்லி விநாடிக்குள். எல்லா வழிகளையும் சோதித்துப் பார்க்க எந்த இயந்திரத்துக்கும் அவகாசம் இல்லை.

அனுபவத்தால் கற்கும் இயந்திரம்

இங்கேதான் தானே கற்கும் கணிப்பொறி நுழைகிறது. விதிகளை ஒவ்வொன்றாக எழுதித் தராமல், ஒரு முடிவு நல்ல பலன் தந்தால் மதிப்பெண் கூட்டுகிறார்கள், கெட்டால் குறைக்கிறார்கள். லட்சக்கணக்கான ஒத்திகைகளுக்குப் பின், எந்தக் கூட்டத்துக்கு எந்த முறை பொருந்தும் என்று அது பழகிக்கொள்கிறது. பள்ளி விடும் நேரத்து மந்திர் மார்க் வேறு, அலுவலகம் முடியும் நேரத்து மந்திர் மார்க் வேறு, திருவிழா இரவு வேறு அல்லவா?

ஒத்திகையை மக்களின் அழைப்புகளில் நடத்த முடியாது. முதலில் கணிப்பொறிக்குள் ஒரு பொய் நகரத்தை அமைத்தே நடத்துகிறார்கள். பின்னரும் கடிவாளத்தை முழுதாக விடுவதில்லை. 2018-ல் அமைந்த ஓ-ரான் கூட்டமைப்பு வகுத்த ஏற்பாட்டில், கற்கும் இயந்திரம் மேற்பார்வையாளர் போல 10 மில்லி விநாடி முதல் ஒரு விநாடிக்குள் யோசனை சொல்லும். அதற்கும் குறைந்த நேரத்துப் பரிமாறலைக் கோபுரத்தின் ஷெட்யூலரே செய்யும்.

இத்தகைய கருவிகளைச் சொந்த நாட்டிலேயே சோதித்துப் பார்க்க 2022 மே 17-ல் ஐந்தாம் தலைமுறைச் சோதனைக் களம் ஒன்று தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ரூ.220 கோடிக்கு மேற்பட்ட செலவில் அமைத்தது இது. தில்லி ஐ.ஐ.டி.யும் எட்டில் ஒன்று.

எது நீதி?

இயந்திரம் மதிப்பெண்ணுக்காக உழைக்கும், நியாயத்துக்காக அன்று. மொத்த அளவு உயர்ந்தால் மதிப்பெண் என்று சொல்லிவிட்டால், பழைய கைப்பேசிக்காரரையும் உள்ளறைக்காரரையும் கைவிடுவதே லாபம் என்று அது கற்றுக்கொள்ளும். சராசரிக் கணக்கைப் பார்ப்பவருக்கு இது தெரியவும் தெரியாது. மொபைல் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பும், எப்படிப் பரிமாற வேண்டும் என்பதை விதியாக எழுதவில்லை. கருவி செய்யும் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது.

சாதாரணக் குரல் அழைப்புக்கு மொபைல் வலையில் தனி முன்னுரிமை உண்டு. ஆனால் சினிமாக் காட்சியும் குழந்தையின் படமும் கோபுரத்தின் கண்ணுக்கு ஒன்றேதான். எது அவசரம் என்று அதற்குத் தெரியாது. நாளை வரும் இயந்திரத்துக்கும் தெரியப் போவதில்லை. ஆகவே எவ்வளவு நெரிசலிலும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவாவது கிடைத்தாக வேண்டும் என்ற எல்லையை மனிதர்தான் வகுக்க வேண்டும். அந்தத் தாயின் படம் போய்ச் சேர அது ஒன்றே உத்தரவாதம்.

பரிமாறுகிறவன் நம்மவனானால் கடைசிப் பந்தியில் இருந்தால் என்ன என்பது பழமொழி. இப்போது பரிமாறுவது இயந்திரம். அது யாருக்கும் நம்மவன் அன்று. கடைசி இலைக்கும் சோறு போக வேண்டும் என்று அதற்குக் கற்றுத் தருவது நம் கையில்தான் இருக்கிறது.