இரத்த மாதிரியை ஏன் தள்ளிப்போட இயலாது?

2024 மே 19 அதிகாலையில், புனே நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இரு இளம் பொறியாளர்கள் இறந்தனர். 300 சொற்களில் கட்டுரை எழுதும் நிபந்தனையோடு அவனுக்குப் பிணை கிடைத்ததையே நாடு விவாதித்தது. மருத்துவர்களாகிய எங்களை உறுத்தியது வேறு: அவனது இரத்த மாதிரியை மாற்றியதாகக் கைதானவர்களுள் மருத்துவர்களும் இருந்தனர்.

நாமக்கல் சாலை விபத்துகளில் சிக்கி வரும் ஓட்டுநரின் உறவினர் சிலர், "கொஞ்சம் பொறுத்து இரத்தம் எடுங்கள் ஐயா" என்று எங்களிடம் மன்றாடுவதுண்டு. அது இயலாது. 100 மி.லி. இரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி.க்கு மேலிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி குற்றம்; முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அந்த அளவு மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி. வீதம் தானே குறையும். மோரும் குளியலும் அதனை விரைவுபடுத்தமாட்டா. தாமதித்தால் சான்று கரைந்துவிடும். கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டுமெனச் சட்டம் வற்புறுத்துவதும் இதனாலேயே. ஊசி குத்துமிடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதைக்கூடத் தவிர்க்கிறோம்.

தள்ளாடுவோர் அனைவரும் குடித்தவரல்லர். தலைக்காயமோ சர்க்கரைக் குறைவோ இருக்கலாம். குடிக்காதவரைப் பழியிலிருந்து காப்பதும் அதே மாதிரிதான். குடித்திருந்தால், எப்போது, எவ்வளவு என்பதை மறைக்காமல் எங்களிடம் கூறுங்கள். அறுவைச் சிகிச்சைக்கான மயக்க மருந்தை அதை அறிந்தே தீர்மானிக்கிறோம்.