வீடு, வேலை, மனநலம்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களின் உரிமைகள்

ஸ்காபரோவில் வந்திறங்கும் தமிழர் பலருக்கு முதல் வீடு ஒரு பேஸ்மென்ட். முதல் வேலை தெரிந்தவர் மூலம் கிடைக்கிறது. இரண்டும் உதவியாக வருவதால், அநியாயம் நடந்தாலும் கேட்க வாய் வருவதில்லை. "அகதிக் கேஸ் முடியும்வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பம்" என்று அடங்கிப் போகிறவர்களே அதிகம். அந்த அடக்கத்துக்கு நாம் நித்திரையையும் உடல்நலத்தையும் விலையாகக் கொடுக்கிறோம். வாடகைச் சட்டமும் தொழிற்சட்டமும் உங்கள் விசாவைப் பார்த்துப் பாதுகாப்புத் தருவதில்லை என்பதை முதலில் மனதில் இருத்துங்கள்.

வீடு

2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, வாடகை வைப்பாக வீட்டுக்காரர் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டுமே. சேதத்துக்கு வைப்பு, ஆறு மாத வாடகை முன்கூட்டியே என்று வற்புறுத்த அவருக்கு உரிமை இல்லை. வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம், அதையும் 90 நாளுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடன் வரலாறு இன்னும் உருவாகவில்லை என்பதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்வதும் பிழை.

"நாளைக்கே வெளிக்கிடு" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. வீட்டுக்காரர் தந்த அறிவித்தல் கட்டளை ஆகாது. வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் மாகாணத் தீர்ப்பாயம் கட்டளையிட வேண்டும், அதை ஷெரிஃப் மட்டுமே நிறைவேற்றலாம். பூட்டை மாற்றுவதும் குளிர்காலத்தில் ஹீட்டிங்கை நிறுத்துவதும் குற்றம். நகரசபை அனுமதி பெறாத பேஸ்மென்டில் இருப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

ஒரு முக்கிய விலக்கு: சமையலறையையோ குளியலறையையோ வீட்டு உரிமையாளருடன் அல்லது அவருடைய துணை, பிள்ளை, பெற்றோருடன் பகிர வேண்டிய அறை என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அறையைப் பார்க்கப் போகும்போதே சமையலறை யாருடையது என்று கேட்டுவிடுங்கள்.

வேலை

2025 ஒக்டோபர் 1 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். பெரும்பாலான வேலைகளில் வாரத்துக்கு 44 மணிநேரத்துக்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் ஒன்றரை மடங்கு தர வேண்டும். "முதல் மூன்று நாள் ட்ரெய்னிங், சம்பளம் இல்லை" என்று சொல்லி கடையைக் கூட்ட வைப்பதும் பெட்டி தூக்க வைப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு. சம்பளத்தை என்வலப்பில் காசாகத் தந்தாலும் மணிநேரம், கழிவு எல்லாம் எழுதிய சம்பளச் சீட்டும் தர வேண்டும். வேலை எடுத்துத் தந்ததற்கு வெளிநாட்டுத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதையும், அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதையும் மாகாணச் சட்டம் தடுக்கிறது.

வராத சம்பளத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் தொழில் அமைச்சில் முறையிடலாம், கட்டணம் இல்லை. வேலைத்தலத்தில் காயப்பட்டால் ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "வீட்டில் விழுந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அந்த வார்த்தை உங்கள் இழப்பீட்டைக் கெடுத்துவிடும். ஒரே முதலாளியிடம் கட்டுப்பட்ட வேர்க் பெர்மிட்டில் துன்புறுத்தலுக்கு ஆளாவோர், வேறிடத்தில் வேலை செய்யும் அனுமதியை மத்திய அரசிடம் கோரலாம். இந்த வழி 2019 முதல் இருக்கிறது.

மனம்

இரவில் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, ஊரில் நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது என்றால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. குடும்ப மருத்துவரும் அவர் அனுப்பும் மனநல மருத்துவரும் மாகாணக் காப்புறுதிக்குள் வருவர். தனியார் ஆலோசகர் பெரும்பாலும் வரமாட்டார். சமூக சுகாதார நிலையங்கள் பல, காப்புறுதி இல்லாதவரையும் பார்க்கின்றன.

"டாக்டரிடம் சொன்னால் கேஸ் கெட்டுவிடும்" என்ற பயம் வீண். மருத்துவத் தகவலை உங்கள் சம்மதம் இல்லாமல் உறவினருக்கோ முதலாளிக்கோ சொல்லக் கூடாது. உயிராபத்து போன்ற சில நிலைகளே விலக்கு. அகதிக் கோரிக்கையாளர்கள் தங்கள் நிலையை வழக்கறிஞரிடம் சொன்னால், விசாரணையில் இடைவேளை போன்ற ஏற்பாடுகளை அவர் கேட்டுப் பெற முடியும்.

கிளினிக்கில் பத்து வயது மகன், "அம்மாவுக்குச் சாக வேணும்போல இருக்காம்" என்று மொழிபெயர்க்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். வருபவர் தெரிந்த முகமாக இருந்தால், தொலைபேசியில் வேறொருவரைக் கேட்கலாம்.

யாரிடம் போவது?

211ஐ அழைத்து "தமிழ்" என்று சொன்னால், மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் அருகிலுள்ள சேவைகளைச் சொல்வார்கள். தற்கொலை எண்ணம் வந்தால் 988, எந்நேரமும் இயங்கும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசலாம். உடனடி ஆபத்துக்கு 911. வருமானம் குறைந்தவர்களுக்குச் சமூக சட்ட உதவி நிலையங்கள் இலவசமாக ஆலோசனை தருகின்றன. ரொறன்ரோவில் தென்னாசியருக்கென்றே ஒரு சட்ட உதவி நிலையமும் உண்டு.

போகும்போது கையில் ஆதாரம் இருக்கட்டும். வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் தினமும் கொப்பியில் எழுதுங்கள். வாடகைக்கு ரசீது கேளுங்கள், கேட்டால் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

அறை தந்தவருக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டவருக்கும் நன்றி சொல்லுங்கள். அந்த நன்றிக்காக உழைத்த கூலியையும் பாதுகாப்பான கூரையையும் விட்டுக்கொடுக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.