சோழியிலிருந்து கணிப்பொறி வரை

அரையாண்டுத் தேர்வில் ஒரே ஒரு குறியை மாற்றிப் போட்டேன். ஒரு பக்கக் கணக்கு முழுவதும் வீணாயிற்று. "கோவைகளைச் சுருக்கக் கணிப்பொறி இருக்கையில் நமக்கேன் இந்தப் பாடு?" என்று அப்பாவிடம் கேட்டேன். "நீயே தேடிப் பார்" என்றார். தேடியதை இங்கே தருகிறேன்.

முதலில் நம் புதுவை. பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் இங்கே தரையில் சோழிகளை வைத்து, சொற்களாக்கி மனப்பாடம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். 1825-இல் வெளியான 'கால சங்கலித' என்ற நூலில் ஜான் வாரன் இதை எழுதியுள்ளார். அவருக்கு வானியல் தத்துவம் தெரியாது, நினைவாற்றல்தான் துணை என்பதும் வாரனின் குறிப்பு.

அதே சந்திரனின் போக்கைப் பிரான்சு நாட்டு தெலோனே இயற்கணிதக் கோவையாக எழுதினார். கணக்கிடப் பத்தாண்டு, சரிபார்க்கப் பத்தாண்டு! 1860-இலும் 1867-இலும் இரண்டு பெருந்தொகுதிகள் வந்தன. 1970-இல் அமெரிக்காவில் மூன்று அறிஞர்கள் அதைக் கணிப்பொறியில் சுமார் 20 மணி நேரத்தில் செய்து முடித்தனர். கண்ட பிழைகள் மூன்றே. அவற்றிலும் இரண்டு, முதற்பிழையால் விளைந்தவை. என் குறிப்பிழை நினைவுக்கு வந்தது!

கணிப்பொறி எவ்வாறு சுருக்குகிறது? நாம் செய்வது போலவே ஒத்த உறுப்புகளைச் சேர்க்கும். மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டு மேலும் கீழும் நீக்கும். ஆனால் எது எளிய வடிவம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். (க¹⁰⁰ − 1) ÷ (க − 1) என்பது சிறியது. வகுத்தாலோ 100 உறுப்புகள்! மேக்சிமா, சிம்பை போன்ற இலவச மென்பொருள்களில் 'விரி', 'காரணிப்படுத்து', 'பொதுக்காரணியை நீக்கு' என்று தனித்தனிக் கட்டளைகள் உண்டு. வெறுமனே 'சுருக்கு' என்றால் அது பல வழிகளை முயன்று நேரத்தை வீணாக்கும். வேண்டியதைக் குறிப்பாகக் கேட்டால் விரைவில் விடை வரும். திரும்பத் திரும்ப வரும் பகுதிக்கு ஓர் எழுத்தை இட்டுக்கொள்வதும் நல்லது.

ஓர் எச்சரிக்கை. (க² − 1) ÷ (க − 1) என்று கொடுத்தால் க + 1 என்று விடை வரும். க = 1 ஆனால் விடை 2; மூலக் கோவையோ 0 ÷ 0, பொருளற்றது! இதை இயந்திரம் நமக்குச் சொல்வதில்லை.

சோழிக்காரரைப் போலக் கணிப்பொறியும் பொருள் அறியாமலே சரியாகக் கணக்கிடுகிறது. பொருளை அறிய வேண்டியவர்கள் நாம். ஆகவே தோழியரே, நான் மறுபடியும் நோட்டைத் திறந்துவிட்டேன், நீங்கள்?