வடமொழிக்கு நார்வே இட்ட பெயர்

மக்காவைச் சார்ந்தவரை மக்கீ என்கிறோம். ஒருவரை ஊருடனோ குலத்துடனோ இவ்வாறு சார்த்துவதை அரபு இலக்கணத்தார் 'நிஸ்பத்' என்பர். மொழிக்கு இடும் பெயரும் பலவேளை ஒரு நிஸ்பத்தே. அதனுள் உரிமைக் கோரிக்கையும் அடங்கியிருக்கும். நார்வே நாட்டுச் சொல் ஒன்று இதற்குச் சான்று.

1847இல் நார்வே அறிஞர்களான முங்க், உங்கர் இருவரும் தம் முன்னோர் மொழிக்கு இலக்கணநூல் வெளியிட்டனர். அதன் தலைப்பில் அம்மொழிக்கு இரு பெயர்கள் இருந்தன. முதலாவது, பழைய நார்வேஜிய மொழி எனப் பொருள்படுவது. மற்றது 'நொர்ரோனாஸ்ப்ரோக்' என்னும் கூட்டுச்சொல்.

இதன் முற்பகுதியின் வேர், பழைய மொழியில் வடக்கைக் குறித்த 'நொர்தர்' என்பதாகும். 'அத்திசையிலிருந்து வருவது' எனப் பொருள்தரும் விகுதி அதனுடன் சேர்ந்தது. தகர ஒலி அடுத்திருந்த ரகரத்தில் மறைந்து ரகரம் இரட்டித்தது. அரபு பயின்றோர் இதனை இத்காமுடன் ஒப்பிட்டு எளிதில் விளங்கிக்கொள்வர். வடகாற்றைச் சுட்டிய அதே சொல், நார்வேயைச் சார்ந்ததையும் சுட்டிற்று.

நார்வே நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் டென்மார்க்குடன் இணைந்திருந்து 1814இல் பிரிந்தது. டென்மார்க்கின் அறிஞர் ராஸ்க் 1811இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, இம்மொழியை 'ஐஸ்லாந்து மொழி அல்லது பழைய வடநாட்டு மொழி' என்றது. அதில் நார்வேயின் பெயர் இல்லை. அம்மொழியின் புகழ்பெற்ற சாகா கதைகளில் பெரும்பாலானவை ஐஸ்லாந்தில் எழுதப்பட்டவை என்பது உண்மையே. ஆயினும் அத்தீவில் குடியேறியோருள் பலர் நார்வேயிலிருந்து சென்றவர்கள். புதிதாக எழுந்த நாட்டின் அறிஞர்கள் தம் மரபை மீட்கப் பெயரிலிருந்தே தொடங்கினர்.

எனினும், அம்மொழியைப் பேசியோர் இவ்வழக்கை அறியார். 13ஆம் நூற்றாண்டின் ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னொரி, வடநாட்டார் பேச்சை 'டேனிய நாவு' என்றே குறித்துள்ளார்.

கூட்டுச்சொல்லின் பிற்பகுதி மேலும் வியப்பளிப்பது. மொழி எனப் பொருள்படும் 'ஸ்ப்ரோக்' வடநாட்டுச் சொல்லன்று. இடைக்காலத்தில் ஹன்சா வணிகரின் செல்வாக்கு ஓங்கியிருந்தபோது கீழ்ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. பழைய மொழி அவ்விடத்தில் 'மோல்', 'துங்கா' என்னும் சொற்களை வழங்கிற்று. தூய வடக்கு மரபை நிலைநாட்ட எழுந்த பெயரின் ஒரு பாதி, அயலாரிடம் பெற்றதாகும்.

இன்று நார்வேயில் 'நொர்ரோன்ட்' என்ற முற்பகுதியே மொழிப்பெயராக வழங்குகிறது. ஒரு மொழியின் பெயரைக் காணும்போது அதன் பொருளோடு, அதனை இட்டவர் யார், எதனை நிலைநாட்ட இட்டார் என்பதையும் வினவுதல் வேண்டும்.