வங்கி தராத பணம்

முதல் வீடு – 8

போன வாரம் ஓஎம்ஆரில் மனை வாங்குவதா, ஃப்ளாட் வாங்குவதா என்று பார்த்தோம். ஃப்ளாட்தான் என்று முடிவெடுத்தவர்களோடு இந்த வாரம் படூர் வரை போவோம்.

படூரில் எந்த சைட் ஆபீஸுக்குப் போனாலும் முதலில் காபி வரும், பின்னாலேயே ஒரு தாள் வரும். சதுர அடி விலை, கார் பார்க்கிங், கிளப் ஹவுஸ் என்று இறங்கிக்கொண்டே வந்து, அடியில் மாதத் தவணையைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். "இப்ப வாடகை கட்டுறீங்கல்ல சார், கூடக் கொஞ்சம் போட்டு இஎம்ஐயா கட்டிட்டுப் போங்க. வீடு உங்களோடது ஆயிடும்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் வீடு வாங்குகிறவர்கள் தவணையில் தடுமாறுவதைவிட, தவணை தொடங்குவதற்கு முன்பே தடுமாறுவதுதான் அதிகம். வங்கி கொடுக்கும் பணத்துக்கும் வீட்டுக்கு உண்மையில் ஆகும் பணத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைக் கைக்காசு போட்டுத்தான் நிரப்ப வேண்டும். அந்தத் தாளில் அது இருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் கணவன், கேளம்பாக்கத்தில் வேலை பார்க்கும் மனைவி. படூரில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பில் 70 லட்ச ரூபாய்க்கு இரண்டு படுக்கையறை வீடு பேசி முடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேலே போனால் 75 சதவீதம்: வங்கிகள் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு இது. இவர்களுக்கு 80 சதவீதம், அதாவது 56 லட்சம். மீதி 14 லட்சம் கையிலிருந்து.

பெரும்பாலானவர்கள் இந்தப் 14 லட்சத்தை மனதில் வைத்துத்தான் வருகிறார்கள். பி.எஃப்.பில் கொஞ்சம், சீட்டு எடுத்தது கொஞ்சம், அப்பா தருவதாகச் சொன்னது கொஞ்சம் என்று சேர்த்துவிடுகிறார்கள். விஷயம் அதற்கு மேலே இருக்கிறது.

கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 70 லட்சத்துக்கு மூன்றரை லட்சம். 45 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய வீடுகளுக்கு மட்டும் 1 சதவீதம். முடிவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

அடுத்தது பத்திரப் பதிவு. முன்பெல்லாம் தமிழ்நாட்டில் புது ஃப்ளாட்டுக்கு, பிரிக்கப்படாத மனைப் பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் என்று இரண்டாகப் பதிவார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இரண்டையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிய வேண்டும் என்று அரசு மாற்றியது. முதல் விற்பனை என்றால் 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. நம் தம்பதிக்கு மொத்தம் 7 சதவீதம்; 70 லட்சத்துக்கே பதிந்தால் 4 லட்சத்து 90 ஆயிரம். இதுவே இன்னொருவர் குடியிருந்த மறுவிற்பனை வீடாக இருந்தால் தீர்வை 7, கட்டணம் 2, ஆக 9 சதவீதம். ஆனால் ஜிஎஸ்டி மிச்சம். இந்த விகிதங்கள் அடிக்கடி மாறுகின்றன. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள்.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டையும் வீட்டு விலையோடு சேர்த்து வங்கி கடன் கணக்கிடக்கூடாது. 10 லட்சத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும்தான் விலக்கு. படூரில் அந்த விலைக்கு வீடு ஏது? ஜிஎஸ்டியைச் சில வங்கிகள் சேர்த்துக்கொள்ளும், சில சேர்க்காது. சேர்க்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பதினான்கு, மூன்றரை, நாலு தொண்ணூறு. கூட்டினால் 22 லட்சத்து 40 ஆயிரம். இது போதாது. வங்கியின் பிராசசிங் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ், அடமானத்தைப் பதியும் செலவு, சங்கத்துக்குக் கார்ப்பஸ், ஓராண்டுப் பராமரிப்பு முன்பணம், மின் இணைப்பு டெபாசிட். பிறகு சாவி கைக்கு வந்த அன்று பார்த்தால் வீட்டில் நான்கு சுவரும் ஒரு கிரானைட் மேடையும்தான் இருக்கும். சமையலறைக்கு மரவேலை, ஜன்னலுக்குக் கொசுவலை, துணி காயப்போடக் கம்பி, ஃபேன், லைட் எல்லாம் நாம்தான் போட வேண்டும். எவ்வளவு சிக்கனமாகப் போனாலும் மூன்று நாலு லட்சம். ஆக, 14 லட்சத்தோடு வந்தவர்களுக்குத் தேவைப்படுவது சுமார் 26 லட்சம்.

இந்தப் 12 லட்சம் பற்றாக்குறைதான் என்னை வருத்துகிறது. ஃப்ளாட் புக் ஆகிவிட்டது, அட்வான்ஸ் போய்விட்டது, பின்வாங்கினால் பணம் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். நகை அடகுக் கடைக்குப் போகிறது. மீதிக்குப் பர்சனல் லோன். 8 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் 17,800 ரூபாய். வீட்டுக் கடன் 56 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 20 வருடம் என்றால் தவணை 48,600. இரண்டும் சேர்ந்தால் மாதம் 66,400. இதில் வீடு முடியும்வரை இருக்கும் வாடகையைச் சேர்க்கவில்லை. அடகு வட்டியையும் சேர்க்கவில்லை. "வாடகை கட்டுற காசுதானே" என்ற வார்த்தை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

என் கருத்து இதுதான்: 26 லட்சம் கையில் சேராத குடும்பத்துக்கு 70 லட்ச வீடு இன்னும் அவர்கள் வீடு இல்லை. 50 லட்ச வீடு பார்க்கலாம். பழைய வீடு பார்க்கலாம். இரண்டு வருடம் வாடகையிலேயே இருந்து சேர்க்கலாம். வாடகை கொடுப்பது கையாலாகாத்தனம் என்று உறவினர்கள் பேசுவதைக் காதில் வாங்க வேண்டியதில்லை.

தவணைக்கு வருவோம். 48,600 ரூபாயில் முதல் மாதம் வட்டிக்குப் போவது 39,667. அசலில் கழிவது 9,000 ரூபாய்கூட இல்லை. இருபது வருடம் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 60 லட்சத்தைத் தாண்டியிருக்கும். "முப்பது வருடமாகப் போட்டுக்கொள்ளுங்கள், தவணை குறையும்" என்பார்கள். குறையும்தான்: 43,059 ஆகும். மாதம் ஐந்தரை ஆயிரம் மிச்சம் பிடிக்க, கூடுதலாகக் கட்டும் வட்டி 38 லட்சம்.

இந்தக் கணக்கும் வட்டி மாறாமல் இருந்தால்தான். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மிதவை வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் ரெப்போ வட்டி. 2020 மே முதல் இரண்டு வருடம் ரெப்போ 4 சதவீதத்தில் இருந்தது. 6.7 சதவீதத்துக்கெல்லாம் வீட்டுக் கடன் கிடைத்த காலம் அது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 சதவீதம் ஆகிவிட்டது. ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீத ஏற்றம். 6.7-ல் 56 லட்சம் வாங்கியவரின் தவணை 42,414 ரூபாய். வட்டி 9.2 ஆனதும், அந்த 56 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 42,933. நடுவில் கொஞ்சம் அசல் கழிந்திருக்கும் என்றாலும், கட்டுகிற தவணை கிட்டத்தட்ட முழுவதும் வட்டிக்கே போகும் நிலை. பலரிடம் தவணையை ஏற்றாமல் வருடத்தை நீட்டிவிட்டார்கள். இருபது வருடக் கடன் ஓய்வு வயதைத் தாண்டிப் போனதை, ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்த பிறகுதான் கண்டுகொண்டவர்கள் உண்டு.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்கூட்டியே கட்டவும் வழிவிட வேண்டும். வங்கியிலிருந்து அப்படி ஒரு தகவல் வந்தால், மெசேஜ்தானே என்று தள்ளிவிடாமல் பதில் எழுதுங்கள். 2025-ல் பிப்ரவரி முதல் ஜூனுக்குள் ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியது. உங்கள் வட்டியும் இறங்கியதா, எந்தத் தேதியிலிருந்து இறங்கியது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மிதவை வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. போனஸ் வரும்போது வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், இருபது வருடக் கடனில் மூன்று வருடத்துக்கு மேல் குறைந்துவிடும்.

வருமான வரி மிச்சமாகும் என்பதற்காகக் கடனைப் பெரிதாக வாங்குவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு, தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு இல்லை. அந்தக் காரணத்தை மறந்துவிடலாம்.

"பேங்க்கே லோன் கொடுத்துட்டாங்க, அப்புறம் டாக்குமென்ட்ல என்ன பிரச்னை வரப்போகுது?" இது அடுத்த நம்பிக்கை. வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்காகப் பார்க்க ஒரு வக்கீலை நீங்கள்தான் வைக்க வேண்டும். படூர்ப் பக்கத்து நிலம் ஒன்றின் பத்திரக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். பழுப்பேறிய தாய்ப்பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கும். 1997-க்குப் பிறகு எழுதியதில் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பருக்குப் பிறகு மறுபடியும் செங்கல்பட்டு. ஊர் அதேதான், நிலமும் அதேதான். சர்வே எண் மட்டும் உட்பிரிவு மேல் உட்பிரிவாக நீண்டுகொண்டே வந்திருக்கும். எந்த உட்பிரிவில் யாருடைய பங்கு போனது, பாகப்பிரிவினையில் சகோதரிகள் கையெழுத்துப் போட்டார்களா, பக்கத்து எண் ஏரியா, ஓடைப் புறம்போக்கா என்பதெல்லாம் அந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது. வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்திலேயே எடுத்துவிடலாம். ரெரா பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தின் தளத்தில் சரிபாருங்கள். விற்பனை ஒப்பந்தம் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது ரெரா சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் யுடிஎஸ் எத்தனை சதுர அடி என்று பாருங்கள். பிரிக்கப்படாத மனைப் பாகம்தான் உங்களுக்குச் சொந்தமான மண். 1,100 சதுர அடி என்று விற்கும் வீட்டுக்கு யுடிஎஸ் 350-ஆ, 500-ஆ என்பது, மாடி எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். கட்டடம் பழசாகிக்கொண்டேதான் போகும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துக் கட்டலாம். அன்றைக்குப் பேச்சுவார்த்தையில் உங்கள் கையில் இருப்பது இந்த எண்தான்.

படூருக்கென்று இரண்டு விஷயம். "மெட்ரோ வருது சார்" என்பார்கள். மாதவரத்திலிருந்து வரும் பாதை சிறுசேரி சிப்காட்டோடு முடிகிறது. அங்கிருந்து உங்கள் வீட்டு வாசல் வரை என்ன செலவு, எவ்வளவு நேரம் என்று ஒருமுறை காலை எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். இன்னொன்று தண்ணீர். நெம்மேலியில் 2013-லும் 2024-லும் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் சென்னைக்குத் தண்ணீர் அனுப்புகின்றன. ஓஎம்ஆரின் இந்தப் பக்கத்தில் பல குடியிருப்புகள் போர் தண்ணீரையும் டேங்கர் லாரியையும் நம்பி இருக்கின்றன. ஏற்கெனவே குடியேறிய பக்கத்துக் குடியிருப்பின் செக்யூரிட்டியிடம் கேளுங்கள்: மே மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி உள்ளே போகிறது? அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில்தான் வந்து விழும். தவணை ஒருநாள் முடியும். பராமரிப்பு, நீங்கள் அந்த வீட்டில் இருக்கும்வரை உண்டு.

அடுத்த வாரம்: சொன்ன தேதியில் பில்டர் வீட்டை ஒப்படைக்காவிட்டால், ரெராவில் மனு போடுவது எப்படி.

(தொடரும்)