கொதிக்கும் எஞ்சின் குளிர்வதாகத் தோன்றுவது ஏன்?

நெடுந்தூரம் ஓடிவந்த காரின் எஞ்சின் மைனஸ் 40 டிகிரியில் இருப்பதாக ஸ்கேனர் அறிவிக்குமானால், அவ்விசித்திரத்தின் காரணத்தை ஆராய்வதே உசிதம். கூலன்டில் தோய்ந்திருக்கும் சென்சாரினுள் உள்ள தெர்மிஸ்டர், உஷ்ணம் ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் காட்டும் அது, 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓமுக்கு இறங்கிவிடும். எஞ்சின் கணினியோ, தன்னுள் இருக்கும் நிலையான மின்தடையின் வழியே 5 வோல்ட்டை அனுப்பி, சென்சாரின் முனையில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்பதைக் கொண்டே உஷ்ணத்தைக் கணிக்கிறது. ஆகவே, எலி கடித்தோ பச்சை பூத்தோ கம்பி அறுந்துபோனால், 5 வோல்ட்டும் குறையாமல் நிற்க, அதனைக் கடுங்குளிரென்று மயங்கும் கணினி பெட்ரோலை அபரிமிதமாகப் பாய்ச்சவும், சைலன்சர் கரும்புகை கக்கவும் நேர்கிறது.

பரீட்சை எளிது. சென்சாரின் பிளக்கைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால், ஸ்கேனரின் எண் 100 டிகிரிக்கும் வெகு மேலே தாவ வேண்டும். தாவினால் கம்பிகளும் கணினியும் நிரபராதிகள். குற்றம் சென்சாரிலோ அதன் முனையிலோ உள்ளது. தாவாவிட்டால், புதிய சென்சார் வாங்குவது (அவசரக்காரர்கள் முதலில் செய்வது இதைத்தான்) வீண் செலவே. சிக்னல் முனையை எஞ்சின் எர்த்துடன் சேர்த்துப் பார்த்து, அப்போது தாவுமாயின் சென்சாரின் எர்த் கம்பியையும், அப்போதும் அசையாவிடில் சிக்னல் கம்பியையோ கணினியையோ சந்தேகிக்க வேண்டும்.