செயற்கைக்கோள் நிலப்படங்களை எவ்வளவு நம்பலாம்?

ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் படங்களைக் கொண்டு, வயல், காடு, நீர்நிலை, கட்டிடம் என நிலத்தை வகுத்துக் காட்டும் நிலப்படங்கள் இக்காலத்தில் உலகமுழுமைக்கும் தயாரிக்கப்படுகின்றன. தம் நிலம் அவற்றில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் கேட்பது நியாயமே.

இவற்றுள் பிரதானமானவை மூன்று. அவையாவன: ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தாரின் வேர்ல்ட்கவர், எஸ்ரி கம்பெனியாரின் படம், கூகிள் கம்பெனியாரின் டைனமிக் வேர்ல்டு. மூன்றுக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் ஆதாரம். ஒரு கட்டம் பக்கத்திற்கு 10 மீட்டர். அதாவது சுமார் 2½ சென்ட் நிலம்.

2022-ம் வருஷத்தில் ஆராய்ச்சியாளர் சிலர் இம்மூன்றையும் ஒப்பிட்டனர். உலகின் பல பாகங்களுக்குரிய பரிசோதனை விவரங்களின்படி, எஸ்ரி நூற்றுக்கு 75ம், டைனமிக் வேர்ல்டு 72ம், வேர்ல்ட்கவர் 65ம் சரியாயிருந்தன. ஐரோப்பாவின் கள ஆய்வு விவரங்களின்படியோ, வேர்ல்ட்கவர் 71, டைனமிக் வேர்ல்டு 66, எஸ்ரி 63 என வரிசை தலைகீழாயிற்று. முதற் பரிசோதனை சற்றுப் பெரிய நிலத் துண்டுகளைக் கொண்டும், இரண்டாவது மிகச் சிறிய துண்டுகளைக் கொண்டும் நடந்தது. வேர்ல்ட்கவர் சிறு துண்டுகளைப் பிரித்துக் காட்டவல்லது. ஆகவே, எவ்வளவில் அளந்தனர் என்று அறியாமல், எப்படம் சிறந்ததெனக் கூறுதல் இயலாது.

மேலும், மொத்தக் கணக்கு வகைவாரிப் பிழைகளை மறைத்துவிடும். அவ்வாராய்ச்சியில் நீர்நிலைகள் நூற்றுக்கு 92ம், பயிர் நிலங்கள் 78ம் சரியாயிருக்க, புல்நிலங்கள் 34 மட்டுமே சரியாயிருந்தன. ஓர் உதாரணம் கூறுவோம். 100 இடங்களுள் மெய்யாகவே வயலாயுள்ளவை 20 என்க. படம் 25 இடங்களை வயலென்று காட்ட, அவற்றுள் 15 மட்டுமே மெய் வயல்கள். விடுபட்டவை 5, தவறாய்ச் சேர்ந்தவை 10. ஆகப் பிழை 15. மொத்தத்தில் நூற்றுக்கு 85 சரியென்பர். ஆயினும், வயலென்று காட்டியவற்றுள் நூற்றுக்கு 60 மட்டுமே மெய். வரிவிஷயத்திலோ நஷ்டஈட்டு விஷயத்திலோ இவ்வித்தியாசம் அற்பமன்று.

வகைகளின் இலக்கணத்தையும் கவனித்தல் வேண்டும். வேர்ல்ட்கவரில் பயிர் நிலமென்பது விதைத்து ஒரு வருஷத்திற்குள் அறுவடையாகும் நிலமே. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் அதில் மரப்பரப்பாகவே தோன்றும். அது பிழையன்று, இலக்கணத்தின் விளைவேயாம்.

இத்தகைய படத்தைத் தங்கள் கிராமத்தில் சோதிக்க விரும்புவோர் செய்யத்தக்கவை:

1. பாதையோரத்து நிலங்களை மட்டும் பாராது, சர்வே எண்களைச் சீட்டெழுதிக் குலுக்கி எடுத்தல்.

2. படத்தைப் பார்க்குமுன், நிலத்தில் கண்டதை எழுதி வைத்தல்.

3. படம் எவ்வருஷத்திற்குரியதோ, அவ்வருஷத்து அடங்கலோடு ஒப்பிடுதல்.

4. வயலல்லாததை வயலென்று காட்டியவற்றையும், வயலை விட்டுவிட்டவற்றையும் தனித்தனியே எண்ணுதல்.

படம் பரந்த பிரதேசத்தின் போக்கை அறிய மிகவும் உபயோகமானது. ஒரு தனி வயலைக் குறித்துத் தீர்மானிக்குமுன், வரப்பின்மேல் நின்று பார்த்தலே முறையாகும்.